இரண்டாவது கற்பூரம்

போன மாதம் எங்கள் வீட்டுக்கு முன்னால் ரோட்டைப் பிளந்துகொண்டு தண்ணீர் பொங்கி வழிந்தது. மலாக்காவில் புக்கிட் காத்தில் என்ற இடத்துப் பக்கம் வீடு வாங்கி வந்து நாலு வருடத்தில் இது மூன்றாவது முறை. குழாய் பார்க்க வந்த மலாய்க்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். நிலத்துக்கடியில் குழாய் எந்தப் பக்கம் போகிறது என்று காட்ட அவரிடம் வரைபடம் எதுவும் இல்லை. லாரியிலிருந்து இரண்டு கம்பிகளை எடுத்தார். பிடித்துக்கொள்வதற்காக ஒரு முனையை வளைத்திருந்த வெல்டிங் கம்பிகள். இரண்டு கையிலும் ஒவ்வொன்றைத் தளரப் பிடித்துக்கொண்டு ரோட்டின் குறுக்கே மெல்ல நடந்தார். எங்கள் கேட்டுக்கு நேர் எதிரே வந்ததும் கம்பிகள் தாமாகத் திரும்பி ஒன்றன்மேல் ஒன்று படுத்துக்கொண்டன. "இங்கேதான்" என்று மலாயில் சொல்லிவிட்டுச் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டார்.

நீ பக்கத்தில் இருந்திருந்தால், "பாத்தியாடா வாத்தி, டவுன் குழாய்க்கே நம்ம வித்தைதான்லா வேணும்" என்று என் விலாவில் இடித்திருப்பாய். எனக்குச் சிரிப்பு வரத்தான் செய்தது. அடுத்து நடந்ததைப் பார்த்ததும் அது நின்றுபோனது. ரோட்டோரத்தில் ஆள் இறங்கும் குழியின் இரும்பு மூடியைத் திறந்தார்கள். கூட வந்தவர் உடனே காலை உள்ளே விடப் போனார். பெரியவர் அவர் தோளைப் பிடித்து இழுத்து, "ஆங்கின் டூலு" என்றார். முதலில் காற்று. மூடியை அப்படியே திறந்து போட்டுவிட்டு, இரண்டு பேரும் எங்கள் மாமரத்து நிழலில் உட்கார்ந்து ஆளுக்கொரு சிகரெட் பிடித்து முடித்தார்கள். அதன் பிறகுதான் குழிக்குள் இறங்கினார்கள்.

நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். தோட்டத்துக் கோயில் கிணற்றில் நீ இறங்கி எட்டு வருடம் ஆகிறது. அந்த ஒரு சிகரெட் நேரம் உனக்குக் கிடைக்கவில்லை. அதைக் கிடைக்கவிடாமல் செய்தது யார் என்று உனக்கு எழுதத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

நாம் இரண்டு பேரும் ஒரே ரப்பர்த் தோட்டத்தில், ஒரே லயத்து வீட்டுவரிசையில், ஒரே வருடத்தில் பிறந்தவர்கள். ஆறாம் வகுப்போடு நீ பால்மரம் வெட்டப் போனாய். நான் புகுமுக வகுப்பில் ஒரு வருடம், பிறகு இடைநிலைப் பள்ளி என்று ஏறிக் கடைசியில் அறிவியல் ஆசிரியராக வந்து நின்றேன். தோட்டத்தில் எல்லாரும் என்னைச் சார் என்றார்கள். நீ மட்டும் வாத்தி என்றாய். அதுவும் யாராவது பெரிய மனிதர் பக்கத்தில் இருக்கும்போது கொஞ்சம் உரக்கவே சொல்வாய்.

நீரோட்டம் பார்க்கும் வேலை உனக்கு எப்படி வந்தது என்பதற்கு நீயே மூன்று விதமாகக் கதை சொல்லியிருக்கிறாய். சீனக் காய்கறித் தோட்டக்காரர் ஒருவர் கவட்டைக்குச்சியோடு நடப்பதைப் பார்த்து, விளையாட்டாக நீயும் பிடித்துப் பார்த்தாய் என்பதுதான் அவற்றில் நம்பும்படியானது. ஆனால் பிடித்த பிறகு அது உனக்கு விளையாட்டாக இல்லை. குச்சி வெட்டும் நாளில் கவிச்சி தொடமாட்டாய். கொய்யா மரத்திடம் கேட்டுவிட்டுத்தான் கிளையில் கத்தி வைப்பாய். செருப்பைக் கழற்றிப் போட்டு, மாரியம்மனை மூன்று தரம் கூப்பிட்டுவிட்டு நடப்பாய். பக்கத்துக் கம்போங்கிலிருந்து, அந்தக் கிராமத்து மலாய்க்காரர்கள் வந்து உன்னை அழைத்துப் போவார்கள்; அங்கே அவர்களுடைய பெரியவர் ஒருவர் முதலில் துஆ ஓதுவார், நீ அம்மனைக் கூப்பிடுவாய், பிறகு இருவரும் சேர்ந்து நடப்பீர்கள். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி கிறிஸ்துவர். மோசே பாறையைக் கோலால் அடித்துத் தண்ணீர் வரவழைத்த கதையை அவர் உனக்குச் சொன்னபோது, "அவரு என்னா மரத்துக் குச்சி வச்சிருந்தாரு கிராணி?" என்று கேட்டவன் நீ.

நான் சும்மா இருந்தேனா? நூலகத்தில் தேடித் தேடிப் படித்துவிட்டு வந்து, சனிக்கிழமை சாயங்காலம் உன்னிடம் கொட்டுவேன்.

"ஐரோப்பாவுல சுரங்கம் வெட்டுறவங்களும் இதே மாதிரிக் கவட்டைக்குச்சிதான் பிடிச்சாங்க. பாதிரியாருங்கள்ல சில பேரு இது பேயோட வேலைன்னு திட்டினாங்க. சில பேரு குச்சிக்கு மந்திரிச்சுக் குடுத்தாங்க."

"அப்பச் சில பேரு நம்ம கட்சிதானே?"

"டேய், ரெண்டு பேருமே தப்புடா. உன் கைச்சதை உனக்குத் தெரியாமலே அசையுது. இங்க தண்ணி இருக்கும்னு நீ மனசுல நெனைக்கிறே. சதை அதைக் கேட்டுக்கிட்டு லேசாத் திருப்புது. அவ்வளவுதான்லா உன் வித்தை."

நீ உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். "எனக்குத் தெரியாம என் கையை அசைக்கிறது யாரு?"

"யாருமில்ல. நீதான்."

"நான்னா எனக்குத் தெரிஞ்சிருக்கணுமேடா."

நான் பேச்சை வேறு பக்கம் திருப்பினேன்.

அதோடு விட்டிருக்கலாம். எனக்குத்தான் ஜெயிக்க வேண்டுமே! பள்ளி விடுமுறையில் திடலில் ஆறு குழி வெட்டி ஆறு வாளிகளைப் புதைத்தேன். இரண்டில் மட்டும் தண்ணீர். மேலே பலகை போட்டு மண்ணைப் பரப்பி, ஒன்றும் தெரியாதபடி செய்துவிட்டு உன்னைக் கூட்டிவந்தேன். நீ சிரித்துக்கொண்டேதான் வந்தாய். குச்சி இரண்டு இடத்தில் நன்றாக வளைந்தது. பலகையைத் தூக்கினால் இரண்டும் வெறும் வாளி. நான் திடலிலேயே குதித்தேன். முப்பது வயதுக்கு மேல் ஆன அறிவியல் ஆசிரியர், வாளியைக் கவிழ்த்து வைத்துத் தாளம் போட்டேன்.

நீ சிரிக்கவில்லை. அந்தக் குச்சியை வேலிக்கு அப்பால் எறிந்தாய். "வாளித் தண்ணி ஓடாத தண்ணிடா" என்று ஒரு சமாதானம் சொன்னாய். ஆனால் அன்றிலிருந்து நீ மாறித்தான் போனாய். எங்கே கூப்பிட்டாலும் குச்சி வளைந்த இடத்தில் நின்று, "நீ என்னடா சொல்றே வாத்தி?" என்று என்னைக் கேட்க ஆரம்பித்தாய். எனக்கு அது பெருமையாக இருந்தது. ஒரு மனிதன் தன் கையை நம்புவதை நிறுத்திவிட்டு என் வாயை நம்ப ஆரம்பித்திருக்கிறான் என்று அப்போது தோன்றவில்லை.

பிறகு அணை வற்றிய வருடம் வந்தது. மலாக்கா முழுக்கக் குழாயில் காற்றுதான் வந்தது. டவுனில் இருந்தவர்களுக்காவது முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள். நம் தோட்டத்துக்குத் தண்ணி லாரி வந்தால் உண்டு. முதலில் இரண்டு நாளுக்கு ஒருமுறை, பிறகு நாலு நாளுக்கு ஒருமுறை. லாரிச் சத்தம் கேட்டால் வாளியும் டின்னும் எடுத்துக்கொண்டு லயமே ஓடும். மற்ற நாட்களில் ஓடையில் தேங்கிக் கிடந்ததைத் துணியில் வடிகட்டிக் காய்ச்சிக் குடித்தார்கள். பிள்ளைகளுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. உன் மகள் சாந்திக்கு அப்போது ஆறு வயது.

கோயிலுக்குப் பின்னால் கிணறு தோண்டுவது என்று கோயில் கமிட்டி முடிவு செய்தது. கால்பந்துத் திடலுக்கு அப்பால் தோண்டுவதென்றால் மேனேஜர் அனுமதி தரவேண்டும். எழுதிக் கொடுத்த கடிதத்துக்குப் பதிலே வரவில்லை. கோயில் நிலத்தில் யாரையும் கேட்க வேண்டியதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நீ குச்சியோடு நடந்தாய். லயமே கூடி நின்றது. கோயிலுக்குப் பின்னால் இருந்த பள்ளத்தில், ஒரு காலத்தில் ரப்பர்ப் பால் உறையவைக்கும் ஸ்டோரின் கழிவுநீர் வாய்க்கால் ஓடித் தூர்ந்துபோன இடத்தில், குச்சி ஒரே இழுவையாகக் கீழே இறங்கியது. நீ இறுக்கிப் பிடித்ததில் பட்டை உரிந்து உன் கையோடு வந்தது.

கூட்டம் கைதட்டியது. நீ குச்சியைக் கீழே போட்டுவிட்டு என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னாய்.

"தண்ணி இருக்குடா. ரொம்ப ஆழமில்ல. ஆனா இந்த எடம் வேணாம்."

"ஏன்?"

"சொல்லத் தெரியல. குச்சி இழுக்குறப்பக் கை சூடாகும் எனக்கு. இங்க குளிருது. என்னமோ சரியில்லடா."

நான் அதை நமக்குள் வைத்துக்கொண்டிருக்கலாம். எல்லாருக்கும் கேட்கும்படி, "தண்ணி இருக்காம், ஆனா பேயும் இருக்காம்லா!" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். இப்போது யோசித்தால், அந்தப் பழைய வாய்க்காலின் புளித்த வாடையை உன் மூக்கு உனக்குத் தெரியாமலே பிடித்திருக்கும் என்று படுகிறது. மனதுக்கு எட்டாதது சதைக்கு எட்டும் என்று உனக்குப் பாடம் எடுத்தவனே நான்தான். என் பாடத்தை நானே கேட்கவில்லை.

நீயும் உன்னோடு பால்மரம் வெட்டும் முனியாண்டியும் இன்னும் இரண்டு பேருமாகப் பன்னிரண்டு நாள் தோண்டினீர்கள். முதல் நாள் பூசாரி ஒரு தட்டில் கற்பூரம் ஏற்றி, தட்டின் மூன்று பக்கமும் கயிறு கட்டி, தராசுத் தட்டை இறக்குவதுபோல் குழிக்குள் இறக்கிக் கங்கையம்மனுக்குக் காட்டினார். இருபது அடி தாண்டியதும் மண் ஈரமாக வர ஆரம்பித்தது. ஒரு கைப்பிடி ஈரமண்ணைக் கொண்டுவந்து என் சட்டையில் அப்பிவிட்டு, "வாளியில்லடா இது" என்று சொல்லிப்போனாய்.

மறுநாள் பூசாரியின் அண்ணன் இறந்துபோனார். பூசாரிக்குப் பதினாறு நாள் தீட்டு. பூசாரி இல்லாமல் கோயில் திறக்கக்கூடாது; கோயில் திறக்காமல் கோயில் மண்ணில் மண்வெட்டி விழக்கூடாது. பிள்ளைகளும் ஆடுமாடும் விழுந்துவிடக் கூடாது என்று கிணற்று வாய்க்குப் பலகை போட்டு, அதன்மேல் தகரம் போட்டு, தகரம் பறக்காமல் கல்லும் வைத்து மூடினோம். நல்ல மனதோடு, மிகவும் ஒழுங்காக மூடினோம். கீழே பழைய வாய்க்காலின் அழுகல் மண். மேலே காற்று புகாத மூடி. பதினாறு நாள்.

அந்தப் பதினாறு நாளில்தான் சாந்தியை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். லாரியில் நீ அவளை மடியில் வைத்திருந்தாய். அவள் கண் பாதி திறந்தபடியே இருந்தது. ஒரு வாரம் கழித்துத் திருப்பி அனுப்பியபோது, மறுபடியும் அந்தத் தண்ணீரைக் கொடுத்தால் பிள்ளை தாங்காது என்று டாக்டர் சொன்னார். நீ ஆஸ்பத்திரி வாசலில் நின்று, "தீட்டு எப்படா கழியும்?" என்று என்னைக் கேட்டாய். இன்னும் ரெண்டு நாள் என்றேன். நீ விரல்விட்டு எண்ணிப் பார்த்தாய்.

தீட்டுக் கழிந்த காலை தகரத்தை எடுத்தோம். குப்பென்று ஒரு வாடை வந்தது. ஈரமண் வாடைதான், அதோடு ஏதோ புளித்தது. டார்ச் அடித்துப் பார்த்தால், அடியில் ஊறியிருந்த சேற்றில் ஆறேழு தவளைகள் வெள்ளை வயிறு தெரிய மல்லாந்து கிடந்தன. கூட்டத்தில் நின்ற உன் மனைவியும் மற்றப் பெண்களும் வாயில் கை வைத்தார்கள். "பட்டினியில செத்திருக்கும்" என்றேன். தவளைக்குச் சேற்றில் பட்டினியா என்று என்னை யாரும் கேட்கவில்லை. வாத்தியார் சொன்னால் அது பாடம்.

பூசாரி மறுபடியும் கற்பூரத் தட்டை இறக்கினார். நீ மூங்கில் ஏணியை இறக்கி நிறுத்தி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தயாராக நின்றாய். தட்டு ஏணியின் பாதியைத் தாண்டியபோது சுடர் சுருங்கியது, அணைந்தது. காற்றே இல்லை. கோயில் தலைவர் தலையை ஆட்டினார்.

"ஆத்தா உத்தரவு குடுக்கலப்பா. இன்னைக்கு வேணாம். வெள்ளிக்கிழமை பூக்கட்டிப் பாத்துட்டு அப்புறம் எறங்கலாம்."

அதாவது, வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாக மடித்து அம்மன் காலடியில் போட்டு, ஒன்றை எடுக்கச் சொல்லி அவள் மனதைத் தெரிந்துகொள்வது. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள். தண்ணி லாரி வந்து நாலு நாள் ஆகியிருந்தது. எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

"கற்பூரம் நமுத்துப் போயிருக்குங்க. பதினாறு நாள் பூட்டிக் கெடந்த கோயில்ல இருந்த கற்பூரம்லா அது. இதுக்குப் போய் ஆத்தாவை இழுக்காதீங்க. குடுங்க தட்டை."

புதுப் பொட்டலம் பிரித்து, பெரிய கட்டியாக எடுத்து ஏற்றி நானே இறக்கினேன். பயத்தில் எல்லாரும் ஓரடி பின்வாங்கியிருந்தார்கள். கிணற்றின் விளிம்பில் குனிந்து பார்த்தவன் நான் ஒருவன்தான். இதற்கு மேல் நடந்ததை எட்டு வருடம் ஒருவரிடமும் சொல்லவில்லை. என் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

சுடர் ஏணியின் பாதிவரை நன்றாக எரிந்தது. அதற்குக் கீழே நீலமாகி, கட்டியை விட்டு எழும்பி ஒரு விரல் உயரத்தில் நின்றது. பிறகு இல்லை. தட்டில் பாதிக் கற்பூரம் வெள்ளையாக அப்படியே இருந்தது.

எனக்குத் தெரிந்துவிட்டது. தெரியாமல் செய்தேன் என்று உன்னிடம் பொய் சொல்லப்போவதில்லை. அதற்கு முந்திய வாரம்தான் படிவம் ஒன்று வகுப்புப் பிள்ளைகளுக்கு அதைச் செய்து காட்டியிருந்தேன். ஜாடிக்குள் எரியும் குச்சியை விடு, அணைகிறதா பார், அணைந்தால் உள்ளே என்ன இருக்கிறது, என்ன இல்லை, எழுது. கரும்பலகையில் என் கையால் எழுதிப் போட்டது. ஒரு மூச்சு விடும் நேரம் அது முழுதாக என் மனதில் நின்றது. அடுத்த மூச்சில் இன்னொன்று வந்தது. இப்போது அணைந்துவிட்டது என்று சொன்னால், காற்று கெட்டிருக்கிறது என்று இவர்கள் கேட்கமாட்டார்கள். ஆத்தா வேண்டாம் என்கிறாள் என்பார்கள். பூ, வெள்ளிக்கிழமை, அடுத்த வெள்ளிக்கிழமை. இத்தனை வருடம் நான் பேசியதெல்லாம் இந்தக் கிணற்றடியில் தோற்றுப்போகும். நீ உடம்பில் பலமுள்ளவன், சட்டென்று இறங்கி ஏறிவிடுவாய், ஒன்றும் ஆகாது என்றும் நினைத்தேன். அந்த நினைப்பைத் தேடிப் பிடித்து வைத்துக்கொண்டேன் என்பதுதான் சரி.

தட்டு மேலே வரும்போதே மிச்சக் கற்பூரத்தை எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டேன். வெறும் தட்டைத் தூக்கிக் காட்டினேன். "பாருங்க. அடிவரைக்கும் போய் முழுசா எரிஞ்சிருக்கு."

நீ ஏணியில் ஒரு கால் வைத்தபடி என் முகத்தைப் பார்த்தாய்.

"நெசமா எரிஞ்சுச்சாடா?"

"எரிஞ்சுச்சு. எறங்கு."

"நீ சொன்னாச் சரி."

இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்குவதுதான் வழக்கம். கயிறு கற்பூரத் தட்டோடு என் கையில் இருந்தது. அதை அவிழ்க்கும்வரை நீ நிற்கவில்லை. நானும் நில் என்று சொல்லவில்லை. நீ இறங்கி, குனிந்து, அந்தத் தவளைகளை வாளியில் அள்ளினாய். ஒரு தரம் நிமிர்ந்து மேலே பார்த்தாய். ஏதோ கேட்க வந்தவன்போல வாயைத் திறந்தாய். பிறகு களைத்தவன் உட்காருவதைப்போலச் சுவரில் முதுகை வைத்துச் சேற்றில் உட்கார்ந்தாய்.

முனியாண்டி உன் பெயரைக் கத்திக்கொண்டு ஏணியில் பாய்ந்தான். நான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்துத் தரையில் தள்ளினேன். "எறங்காதே! உள்ள காத்து கெட்டுப் போயிருக்கு!" என்று கத்தினேன். குடை கொண்டுவரச் சொல்லி, விரித்துக் கயிற்றில் கட்டி, கிணற்றுக்குள் மேலும் கீழுமாக இழுத்துக் காற்றைக் கலக்கினேன். எல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது, பார். நீ இறங்குவதற்கு முன்னால் செய்திருந்தால் கொஞ்ச நேர வேலை. தீயணைப்புக்காரர்களின் பொம்பா வண்டி வந்து, முகமூடி மாட்டிய இரண்டு பேர் இறங்கி உன்னைத் தூக்கினார்கள். அதற்குள் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

கோயில் தலைவர் என் தோளில் கை வைத்து, முனியாண்டியையாவது காப்பாற்றினீர்களே சார் என்றார். எல்லாரும் அதையே சொன்னார்கள். அம்மன் பேச்சைக் கேட்கவில்லை என்று அவர்கள் தங்களைத்தான் நொந்துகொண்டார்கள். என்னை ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. உன் கருமாதி அன்று, சடங்கு முடிந்து எல்லாரும் சாப்பிடப் போன பிறகு, உன் மனைவி என்னிடம் வந்தாள்.

"அண்ணே, காத்து கெட்டுப் போயிருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?"

"படிச்சதும்மா. பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுக்குறதுதான்."

"ஓ" என்றாள். அவ்வளவுதான். பிறகு அவள் அதைக் கேட்கவே இல்லை.

ஒரு மாதத்தில் மழை வந்தது. கிணறு தானாகப் பாதிவரை நிறைந்தது. தண்ணீர் தெளிந்து கண்ணாடியாக நின்றது; ஒருவரும் ஒரு வாளி மொள்ளவில்லை. உன் குச்சி பொய் சொல்லவில்லை என்று இன்றும் அந்தத் தோட்டத்து ஆட்கள் சொல்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தப் பள்ளத்தில் எங்கே தோண்டியிருந்தாலும் தண்ணீர் வந்திருக்கும். உன்னிடம் இப்படிச் சண்டை பிடிக்க எனக்கு இப்போதும் ஆசையாக இருக்கிறது. நீ இல்லாமல் ஜெயித்து என்ன செய்வது?

உன் மனைவி லயத்தை விட்டு டவுனுக்கு, தெங்கேராவில் ஒரு கடைவீட்டு மாடிக்கு வந்தாள். துணி தைக்கிறாள். வருடா வருடம் உன் திதிக்கு என்னைக் கூப்பிடுவாள். காக்காய்க்கு வைத்ததும் முதல் இலை எனக்குத்தான். பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகப் பரிமாறுவாள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை என் முகத்தையே பார்ப்பாள். உன் சிநேகிதன் என்ற மரியாதை என்று நினைத்து ஏழு வருடம் சாப்பிட்டேன். சாந்திக்குப் பதினாலு வயது. அறிவியலில் சந்தேகம் வந்தால் மாமாவிடம்தான் வருவாள்.

அந்த மலாய்க்காரர் வந்துபோன மறுநாள் தெங்கேராவுக்குப் போனேன். சாந்தி பள்ளிக்குப் போயிருந்தாள். உன் மனைவி தைத்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நீலச்சுடர், மிச்சக் கற்பூரம், மூடிய கை எல்லாம். மெஷின் சத்தம் பாதியிலேயே நின்றது. அவள் அழவில்லை.

"தெரியும்ணே" என்றாள். "நீங்க கையை மூடுனதை நான் பாத்தேன். எதுக்குன்னு அப்பத் தெரியல. வாத்தியார் அண்ணன் தப்பா ஒண்ணும் செய்யமாட்டாருன்னு பேசாம நின்னுட்டேன். நீங்க காத்து காத்துன்னு கத்துனப்பத்தான் புரிஞ்சுச்சு."

அவள் மெஷினிலிருந்து துணியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"கருமாதியன்னைக்குக் கேட்டேன். நீங்க சொல்லல. என்னைக்காவது நீங்களா வாயத் தொறந்து சொல்லுவீங்கன்னுதான் வருஷா வருஷம் உங்களுக்கு எலை போட்டேன். சொல்லிட்டீங்க. பிள்ளைக்கிட்ட நான் சொல்லிக்குவேன். இனிமே வராதீங்கண்ணே."

மாடிப்படியில் நான் இறங்கும்போது மெஷின் மறுபடியும் ஓட ஆரம்பித்தது.

இன்று உன் திதி. இந்த வருடம் எனக்கு இலை இல்லை. அவள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வருத்தமெல்லாம் அவள் இலை போட்ட வருடங்களை நினைத்துத்தான். மன்னித்துவிடு என்று உன்னிடம் கேட்கவும் நான் உட்காரவில்லை. ஏணியில் ஒரு கால் வைத்துக்கொண்டு நீ கேட்டாயே, அந்தக் கேள்வி எட்டு வருடமாக என்னிடமே இருக்கிறது. வகுப்பில் சுடரைக் காட்டும்போதெல்லாம் அதே குரலில் கேட்கிறாய். இன்றைக்காவது ஒழுங்காகப் பதில் சொல்கிறேன்.

எரியவில்லைடா. இறங்காதே.